பூரட்டாதியில் நான்கு, அகத்தியர் அருகே இரண்டு

யாழ்ப்பாணத்தில் சனி என்றால் ஏழரை ஆண்டு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் கோயில்களில் எள்ளெண்ணெய் எரிக்கிறோம். வியாழ மாற்றமும் சனி மாற்றமும் எப்போது என்று பார்க்க ஒரு வீட்டில் வாக்கிய பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள், அடுத்த வீட்டில் திருக்கணிதத்தைப் புரட்டுவார்கள். வியாழனுக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 12 ஆண்டு. சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு. நிறை ஆயுள் வாழ்ந்தவர் சனியின் இரண்டு சுற்றைக் காண்பார். கொடுத்துவைத்தவர் மூன்றாவதையும் கண்டு முடிப்பார். இந்த எண்களைக் கணித்தவர்களிடம் தொலைகாட்டி இருக்கவில்லை. பார்த்ததைக் குறித்து வைத்தார்கள். குறித்ததை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்தார்கள். தூரத்தில் சுற்றும் பெருங்கோள்களை அறிய அன்றும் இன்றும் இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் வியாழன்களுக்கும் சனிகளுக்கும் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அப்படிப்பட்ட இரண்டு குடும்பங்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறேன். ஒன்று எச்.ஆர். 8799, மற்றது பீற்றா பிக்டோரிஸ். இரண்டிலும் வெளிக்கோள்களை நேரடியாகவே படம் பிடித்திருக்கிறார்கள். இரண்டும் யாழ்ப்பாண வானில் தெரிகிற இடங்கள்.

பூரட்டாதி என்று பஞ்சாங்கம் சொல்வது பெகாசஸ் சதுரத்தின் மேற்குப் பக்கத்து இரு நட்சத்திரங்களை. கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்தரட்டாதி. பூரட்டாதியின் இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தால், கோட்டின் ஏறத்தாழ நடுவில், சதுரத்தின் உட்பக்கமாகச் சற்றே ஒதுங்கி நிற்பது எச்.ஆர். 8799. வெறுங்கண் எட்டக்கூடிய கடைசி எல்லையில் இருக்கிற மங்கல் ஒளி அது. நெடுந்தீவிலோ மணற்காட்டிலோ நிலவில்லாத இரவில் கூர்மையான கண் உடையவர் முயன்று பார்க்கலாம். மற்றவர்களுக்கு ஒரு சாதாரண பைனாகுலர் போதும். புரட்டாதி மாதத்தில் நள்ளிரவை ஒட்டி அது உச்சிக்கு அருகே வந்துவிடும்.

பீற்றா பிக்டோரிஸுக்கு இந்தச் சிரமம் இல்லை. தை, மாசி முன்னிரவுகளில் குருநகர்க் கரையில் நின்று கடல்நீரேரிக்கு மேலே தெற்கு வானைப் பாருங்கள். தொடுவானிலிருந்து 28 பாகை உயரத்தில் ஒரு வெண்ணிற நட்சத்திரம் நிலைத்து ஒளிரும். அதுதான் அகத்தியர், இரவு வானில் சிரியசுக்கு அடுத்தபடியாக ஒளி மிகுந்தது. கையை நீட்டி அகத்தியருக்கு வலப்புறம் மூன்று விரல் அகலம் அளந்து, சற்று மேலே பார்த்தால் வெறுங்கண்ணுக்கே பீற்றா பிக்டோரிஸ் தெரியும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் உறவுகளுக்கு இந்த நட்சத்திரம் ஒருநாளும் உதிப்பதில்லை. அதைப் பார்க்கக் கொடுத்துவைத்த அகலக்கோட்டில் நாங்கள் இருக்கிறோம்.

சாதகத்தை முதலில் ஒப்பிடலாம். பீற்றா பிக்டோரிஸ் 63 ஒளியாண்டு தூரம், எச்.ஆர். 8799 அதைவிட இரு மடங்குக்கு மேல், ஏறத்தாழ 133 ஒளியாண்டு. இரண்டு நட்சத்திரங்களும் சூரியனைவிடப் பாரமானவை, வெப்பமானவை. இரண்டுமே பச்சைக் குழந்தைகள். சூரியனுக்கு 460 கோடி வயது என்றால், எச்.ஆர். 8799 பிறந்து மூன்று முதல் நான்கு கோடி ஆண்டுதான் ஆகிறது. பீற்றா பிக்டோரிஸுக்கு இரண்டு கோடிக்குச் சற்று மேல். எங்கள் கிணறுகள் ஊறுகிற சுண்ணாம்புக்கல்லும் மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்ததுதான். அந்தக் காலம் தொடங்கி இரண்டு கோடியே முப்பது இலட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நிலாவரைக் கிணற்றின் பாறைச் சுவரும் அகத்தியர் அருகே உள்ள அந்த நட்சத்திரமும் ஏறக்குறைய ஒரே ஊழியில் உருவானவை.

இளமையால்தான் இவற்றின் கோள்கள் அகப்பட்டன. பிறந்த சூடு இன்னும் தணியாத பெருங்கோள், நட்சத்திரத்திடம் வாங்கிய ஒளியைவிடத் தன் சொந்த வெப்பத்தையே அகச்சிவப்பில் அதிகம் வீசும். எச்.ஆர். 8799இன் கோள்களின் வெப்பநிலை ஆயிரம் கெல்வின் அளவில் இருக்கிறது. பீற்றா பிக்டோரிஸில் முதலில் கண்ட, பி எனப்படும் கோளுக்கு 1,700 கெல்வின் அளவு. 460 கோடி வயதான எங்கள் வியாழனை இதே தூரத்தில் கொண்டுபோய் வைத்தால், இன்றைய கருவிகள் எதற்கும் அது தெரியாது.

சூடாக இருந்தாலும் படமெடுப்பது பெரும்பாடு. பீற்றா பிக்டோரிஸின் பி கோள் தன் நட்சத்திரத்தைவிட்டு மிகத் தள்ளித் தெரியும்போதுகூட இடைவெளி அரை விகலைதான். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, பருத்தித்துறையில் எரியும் ஒரு பெருவிளக்கையும் அதற்கு ஏழு சென்ரிமீற்றர் தள்ளி உள்ள சிறு பொறியையும் பிரித்துப் பார்ப்பதற்குச் சமம் அது. கனடாவின் கிறிஸ்டியன் மறுவா வளர்த்தெடுத்த உத்தி இதற்குக் கைகொடுத்தது. வானம் சுழல்வதற்கு ஈடாக வழக்கமாகப் படக்கருவியையும் சுழற்றுவார்கள். இந்த உத்தியில் அதைச் சுழற்றுவதில்லை. கண்ணாடிக் குறைகளால் சிதறும் ஒளிப்புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் நிற்கும். உண்மையான கோள் மட்டும் வானத்தோடு சேர்ந்து மெல்ல நகரும். நூற்றுக்கணக்கான படங்களில் பொதுவாக இருப்பதைக் கழித்துவிட்டால் நகர்ந்தது மட்டும் எஞ்சும். 2008 நவம்பரில் மறுவாவின் குழு ஹவாயின் கெக், ஜெமினி தொலைகாட்டிகளைக்கொண்டு எச்.ஆர். 8799இல் மூன்று கோள்களை அறிவித்தது. 2010இல் நான்காவதும் வந்தது.

அதே 2008 நவம்பரில்தான் ஆன்-மரி லக்ராஞ்சின் பிரெஞ்சுக் குழு பீற்றா பிக்டோரிஸ் பற்றியும் அறிவித்தது. படம் சிலியின் பரனால் மலையிலிருந்து 2003இல் எடுத்தது. அதற்குள் ஒரு புள்ளி இருப்பது ஐந்து ஆண்டுக்குப் பிறகே தெரியவந்தது. திரும்பப் பார்த்தால் புள்ளியைக் காணவில்லை. 2009இல் நட்சத்திரத்தின் மறுபக்கத்தில் அது வெளிப்பட்டபோதுதான் கோள் என்பது உறுதியாயிற்று.

ஒற்றுமை இவ்வளவோடு சரி. இனி வருவதெல்லாம் வேற்றுமை.

எச்.ஆர். 8799 குடும்பத்தை நாம் ஏறத்தாழ மேலிருந்து பார்க்கிறோம். நான்கு கோள்களும் நட்சத்திரத்தைச் சுற்றி வளைந்து நகர்வதை ஆண்டுதோறும் எடுத்த படங்களைச் சேர்த்து அசையும் படமாகவே ஆக்கியிருக்கிறார்கள். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தை, அதாவது ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றரை, ஒரு வானியல் அலகு என்கிறோம். அந்தக் கணக்கில் உட்கோள் ஈ ஏறத்தாழ 16 அலகில் இருக்கிறது. டி 27, சி 41, வெளியே பி 70 அலகு. எங்கள் நெப்டியூன் 30 அலகில்தான் இருக்கிறது. ஈக்கு ஒரு சுற்று அரை நூற்றாண்டளவு, டிக்கு ஒரு நூற்றாண்டளவு, சிக்கு இரண்டு, பிக்கு நான்கு நூற்றாண்டுக்கு மேல். ஒவ்வொன்றும் முந்தியதன் இரட்டிப்பு. இந்தத் தாளக்கட்டு அழகுக்காக அமைந்தது அல்ல, உயிர் பிழைக்க அமைந்தது. ஒவ்வொரு கோளும் வியாழனைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு நிறையுள்ளது. இப்படிப்பட்ட நான்கு தாளம் தப்பி ஓடினால், கணினிக் கணக்குகளின்படி, சில இலட்சம் முதல் சில மில்லியன் ஆண்டுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குலைத்து வெளியே எறிந்துவிடும். வியாழனின் துணைக்கோள்களான அயோ, யூரோப்பா, கனிமீட் மூன்றும் இதே 1:2:4 கட்டில்தான் சுற்றுகின்றன.

பி கோளின் ஒரு சுற்று எவ்வளவு நீளம் என்பதை எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். அது கடைசியாக இப்போதுள்ள இடத்தில் இருந்தது ஏறத்தாழ போர்த்துக்கேயர் நல்லூர்மீது படையெடுத்த 1560ஐ ஒட்டிய காலத்தில். சங்கிலியன் முதல் இன்றுவரை அதற்கு ஒரு சுற்று.

பீற்றா பிக்டோரிஸோ நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது. 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் அந்த நட்சத்திரத்தைச் சூழ மிகையான அகச்சிவப்பு ஒளியைக் கண்டது. அடுத்த ஆண்டே பிராட்போர்ட் சிமித்தும் ரிச்சர்ட் டெரிலும் அதன் தூசித்தட்டைப் படம் பிடித்தார்கள். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றிய தூசித்தட்டு மனிதர் கண்ணில் பட்டது அதுவே முதல் தடவை. இருபுறமும் ஆயிரம் வானியல் அலகுக்கு மேல் நீளும் மெல்லிய கோடு. அதன் உட்பகுதி சற்றே சரிந்திருப்பதைப் பார்த்த ஆய்வாளர்கள், உள்ளே ஒரு பெருங்கோள் இருந்து இழுக்கிறது என்று 1997இலேயே கணித்தார்கள். கோள் கண்ணில் படுவதற்கு ஒரு பத்தாண்டுக்கு முந்திய கணிப்பு அது.

விளிம்பாகப் பார்ப்பதில் நட்டமும் உண்டு, இலாபமும் உண்டு. பி கோள் நமக்கு ஒரு நேர்கோட்டில் போய்வருவதாக மட்டுமே தெரியும். நட்சத்திரத்துக்கு அருகே வரும்போது ஒளிவெள்ளத்தில் மறைந்துவிடும். 2016இன் இறுதியில் அப்படி மறைந்து, 2018இன் பிற்பகுதியில் மறுபுறம் எழுந்தது. இலாபம் அதைவிடப் பெரிது. கோள் முன்னும் பின்னுமாக இழுப்பதால் நட்சத்திரம் நம்மை நோக்கியும் விலகியும் அசைகிறது; அந்த அசைவை நட்சத்திர ஒளியின் நிறமாலையில் அளக்கலாம். பத்து ஆண்டுக்கு மேல் திரண்ட அளவீடுகளிலிருந்து 2019இல் இரண்டாவது கோள் சி வெளிப்பட்டது. 2.7 அலகு தூரம். ஒரு சுற்று மூன்றரை ஆண்டுக்குள். 2020இல் பரனாலின் நான்கு பெரிய தொலைகாட்டிகளையும் ஒன்றாய் இணைத்து அதையும் நேரில் கண்டார்கள். எச்.ஆர். 8799இல் கோள்கள் நமக்குக் குறுக்காகவே நகர்வதால் இந்த வழி அங்கே பெரிதும் அடைபட்டிருக்கிறது.

விளிம்புப் பார்வை தந்த இன்னொரு கொடை வால்வெள்ளிகள். நட்சத்திரத்துக்கும் நமக்கும் இடையே வாயுப்படலங்கள் திடீரெனக் குறுக்கிடுவதை 1987இலேயே கண்டார்கள். நட்சத்திரத்தை நோக்கி விழுந்து ஆவியாகும் வால்வெள்ளிகள் அவை; 2014இல் வெளியான ஓர் ஆய்வு மட்டும் 493 குறுக்கீடுகளைப் பிரித்துக் காட்டியது. உள்ளேயிருக்கும் பெருங்கோள்கள் அவற்றைக் கலைத்து நட்சத்திரத்தை நோக்கித் தள்ளுகின்றன என்பதே பொதுவான விளக்கம். 2014இல் பி கோளின் தற்சுழற்சியையும் அளந்தார்கள். அதன் நடுக்கோடு விநாடிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறது; அங்கே ஒரு நாள் ஏறத்தாழ எட்டு மணித்தியாலம். சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோளின் சுழற்சி அளக்கப்பட்டது அதுதான் முதல்.

இந்தக் கோளின் எடையைப் பார்த்த கதை என்னைச் சென்னைக்குக் கொண்டுபோகிறது. 1846இல், யுரேனசின் பாதை கணக்கோடு ஒத்துவராததை வைத்தே நெப்டியூனைப் பிடித்திருந்தார்கள். அந்த வெற்றியின் சூட்டில், நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் தலைவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஒபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதையும் கணக்கோடு ஒத்துவரவில்லை என்று கண்டார். அங்கே ஒரு கோள் இருப்பது பெரிதும் சாத்தியம் என்று 1855இல் எழுதினார். வேற்று நட்சத்திரத்துக் கோள் பற்றி அளவீட்டை ஆதாரமாக வைத்து எழுந்த முதல் கோரிக்கைகளில் அது ஒன்று. கடல் கடந்து வட்டுக்கோட்டையில் செமினரி மூடப்பட்டதும் அதே 1855இல். அந்தச் செமினரியில் படிப்பித்த ஹென்றி ஹொய்சிங்ரன் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்ட வானநூல், தமிழர் கணிதத்தையும் மேற்கத்தேயக் கணிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டு வானங்களை ஒப்பிடும் வேலை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல.

ஜேக்கப்பின் கோள் பின்னாளில் நிலைக்கவில்லை. அவர் கையில் இருந்த அளவீடுகளுக்கு அவ்வளவு துல்லியம் இல்லை. ஆனால் வழி சரியான வழி. 163 ஆண்டு கழித்து, 2018இல், ஹிப்பார்க்கொஸ் செயற்கைக்கோள் 1990களின் தொடக்கத்தில் குறித்த நட்சத்திர இடங்களையும் கையா செயற்கைக்கோள் புதிதாகக் குறித்த இடங்களையும் வைத்து, பீற்றா பிக்டோரிஸ் எவ்வளவு அசைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். அந்த அசைவிலிருந்து பி கோளின் நிறை வியாழனைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு என்று வந்தது. 2021இல் இதே வழியில் எச்.ஆர். 8799இன் ஈ கோளும் 9 மடங்குக்கு மேல் என்று நிறுக்கப்பட்டது. மற்ற மூன்றின் நிறைக்கு இன்னமும் ஒளியையும் தாளக்கட்டையும்தான் நம்பியிருக்கிறோம்.

இந்த வானப் பகுதிக்கு இன்னொரு நினைவும் உண்டு. எச்.ஆர். 8799க்கு இரண்டு பாகை மேற்கே 51 பெகாசி இருக்கிறது. அதைச் சுற்றும் கோளை மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் புளோரன்ஸ் நகரில் அறிவித்தது 1995 ஒக்ரோபர் 6ஆம் திகதி. அந்த மாதம் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமம் முழுதும் செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. அன்று முன்னிரவில் முகிலுக்கு மேலே பூரட்டாதி உச்சியில்தான் இருந்தது. உலகம் கொண்டாடிய அந்தச் செய்தி எங்களுக்கு எட்டவே நாட்கள் பல ஆயின. 51 பெகாசியின் கோள் 4.2 நாளில் ஒரு சுற்று முடிப்பது. அதனால் அதை ஒரு பருவத்துக்குள் பிடிக்க முடிந்தது. வெளிக்கோள்கள் அப்படி அகப்படுவதில்லை.

இப்போது பலரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். எங்கள் சூரியக் குடும்பம் இவற்றில் எதைப் போன்றது? எச்.ஆர். 8799தான் என்று எழுதுவோர் அதிகம். நான்கு பெருங்கோள், உள்ளே ஒரு தூசிவளையம், வெளியே ஒரு தூசிவளையம், நட்சத்திரத்தின் ஒளி மிகுதியைக் கணக்கில் எடுத்தால் வெளி மூன்று கோள்களும் பெறுகிற ஒளி சனி, யுரேனஸ், நெப்டியூன் பெறுகிற அளவுக்குக் கிட்ட வருகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் எங்கள் நான்கு பெருங்கோள்களையும் ஒரு தட்டில் போட்டால் ஒன்றரை வியாழனுக்கும் குறைவு. அங்கே நான்கும் சேர்ந்தால் இருபத்தைந்தைத் தாண்டும். எங்கள் கோள்களுக்குள் அப்படியான இரட்டிப்புத் தாளமும் இல்லை. உருவம் ஒத்திருப்பதை உறவு என்று சொல்ல நான் தயாரில்லை.

என் தீர்ப்பு பீற்றா பிக்டோரிஸுக்கே. அதன் பி கோள் 10 அலகில், எங்கள் சனி இருக்கும் தூரத்திலேயே இருக்கிறது. சி கோள் எங்கள் சிறுகோள் வளையம் இருக்கும் தூரத்தில். தூசித்தட்டு, மோதல்கள், நட்சத்திரத்தில் விழும் வால்வெள்ளிகள் எல்லாம் சூரியனின் இளமைக் காலத்துக்கு எழுதிய வருணனை போலவே இருக்கின்றன. கோள்களின் எடை அங்கேயும் மிக அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் நிறை, சுழற்சி, பாதை, தட்டின் சரிவு, வால்வெள்ளிகள் என்று ஐந்து வேறு வழியாக ஒரே குடும்பத்தைச் சோதிக்க முடிகிறது. ஒரு வழியில் வந்த முடிவை இன்னொரு வழி சரிபார்க்கிறது. எச்.ஆர். 8799இல் இந்தச் சரிபார்ப்பு இன்னும் மெலிந்தே இருக்கிறது.

ஒரு விடயத்தில் எச்.ஆர். 8799 முந்துகிறது: பிறப்பின் இரகசியம். மையக்கரு முதலில் திரண்டு பிறகு வாயுவை இழுத்துச் சேர்த்ததா, அல்லது வாயுத்தட்டு நேரடியாகவே சரிந்து கோளானதா என்பது நீண்ட வழக்கு. 70 அலகு தூரத்தில் கரு திரளப் போதிய பொருளும் காலமும் இருந்திராது என்பது ஒரு தரப்பு வாதம். 2025 மார்ச்சில் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி அந்தக் கோள்களில் காபனீரொட்சைட்டைக் கண்டது. அதன் அளவு, ஐதரசன், ஈலியத்தைவிடப் பாரமான மூலகங்கள் அங்கே செழித்திருப்பதைக் காட்டுகிறது. அதாவது கரு முதலில் திரண்டது என்ற பக்கம் தராசு சாய்கிறது. வியாழனும் சனியும் அப்படித்தான் பிறந்தன என்று கருதுகிறோம்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் அரிதா? ஜெமினி தொலைகாட்டியில் 300 நட்சத்திரங்களை ஆராய்ந்த குழு 2019இல் தந்த கணக்கின்படி, சூரியனைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரமான நட்சத்திரங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பதில்தான், 10 முதல் 100 அலகுக்குள், வியாழனைப்போல் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட கோள் உண்டு. சூரியன் போன்றவற்றில் இன்னும் குறைவு. நாம் ஒப்பிட்ட இரண்டும் பொதுவகை அல்ல. வியாழன், சனி அளவில், வயது முதிர்ந்து ஆறிப்போன வெளிக்கோள்கள் எத்தனை என்பதைச் சொல்லப் பல பத்தாண்டு அளவீடு வேண்டும்.

ஒரு கோளின் சுற்றுக்கு எத்தனை ஆண்டு என்ற கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். தூரத்தை வானியல் அலகில் எடுத்து மும்மடியாக்குங்கள், நட்சத்திரத்தின் நிறையால், சூரியன் ஒன்று என்ற கணக்கில், வகுங்கள், வர்க்கமூலம் எடுங்கள். பீற்றா பிக்டோரிஸ் சூரியனைப்போல் 1.8 மடங்கு. 10இன் மும்மடி 1,000, 1.8ஆல் வகுத்தால் 555, வர்க்கமூலம் 23.6 ஆண்டு. 2003 நவம்பரில் படத்தில் விழுந்த பி கோள் அதே இடத்துக்கு 2027 அளவில் திரும்பும். எச்.ஆர். 8799இன் பி கோள், 1998இல் ஹபிள் எடுத்து அன்று யாரும் கவனிக்காத படத்திலிருந்து பிற்பாடு தேடிக் கண்டெடுத்த இடத்தைக் கணக்கில் சேர்த்தாலும், இன்னும் பதினைந்தில் ஒரு பங்கு சுற்றைக்கூட முடிக்கவில்லை.

பீற்றா பிக்டோரிஸ் பி தன் முதல் சுற்றை முடித்த செய்தி வரும்போது, அந்த நட்சத்திரம் எது என்று கைநீட்டிக் காட்டத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் பாடசாலைகளில் இருக்க வேண்டும். கருவி எதுவும் தேவையில்லை. விஞ்ஞான, கணித ஆசிரியர்களே, வருகிற தை, மாசியில் ஒரு முன்னிரவு மாணவர்களைத் தெற்கு வானம் திறந்திருக்கும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போங்கள். அகத்தியரைக் காட்டுங்கள், மூன்று விரல் அளக்கச் சொல்லுங்கள், மேலே உள்ள கணக்கைப் போடவையுங்கள்.